நட்சத்திரக் கூடாரம் இறங்கிய அன்று

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். முதலில் மைக் பிடித்தவர் என் அண்ணி. இதில் எது பெரிது என்ற பேச்சு வீட்டில் இன்னும் முடியவில்லை. நான் என் பட்டத்தை ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் நாலு பேர் கூடினால் அண்ணியைச் சுற்றித்தான் உட்காருவார்கள். "நிலா இருக்கே, அது வருஷத்துக்கு ரெண்டு விரல் அகலம் நம்மள விட்டுத் தள்ளிப் போயிட்டிருக்கு, தெரியுமா?" என்று சாதாரணமாகச் சொல்வார். வாய்க்குப் போன கவளம் பாதியில் நிற்கும். "போய்?" என்று யாராவது கேட்பார்கள். "போய் என்ன, போகுது. நம்ம காலத்துல ஒண்ணும் ஆகாது. சாப்பிடுங்க" என்பார்.

இப்படிச் சொல்கிற அண்ணிதான் எங்கள் வீட்டிலேயே பெரிய பயந்தாங்கொள்ளி. இருட்டு ஆகாது, மூடிய இடம் அறவே ஆகாது. குளியலறைக் கதவைத் தாழிட மாட்டார். உள்ளே ஆள் இருப்பதற்கு அடையாளமாக ஏதாவது சத்தமாகப் பேசிக்கொண்டே குளிப்பார். ஆறு மாடி ஏற வேண்டியிருந்தாலும் லிஃப்ட் பக்கம் திரும்பமாட்டார். படுக்கையறை விளக்கு விடிய விடிய எரியும். அண்ணன் கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கப் பழகிவிட்டார். "கல்யாணம் ஆனதுல இருந்து நான் ராத்திரியையே பாக்கல" என்று அவர் சொன்னால் நாங்கள் சிரிப்போம். அண்ணி சிரிக்க மாட்டார்.

அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை, ஜன்னல் இல்லாத கறுப்புத் துணிக் கூடாரத்துக்குள் நின்று பள்ளிப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் காட்டுவது.

கூடாரம் என்றால் கம்பமும் கயிறும் கொண்டது அல்ல. கவிழ்த்து வைத்த பெரிய கிண்ணம் போல ஒரு துணி. வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை, அடியில் தரைத்துணியும் சேர்த்துத் தைத்தது. ஒரு பக்கத்தில் மின்விசிறிப் பெட்டி ஒன்று இடைவிடாமல் காற்றை உள்ளே ஊதிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றுதான் கம்பம், அதுதான் சுவர். வேலை செய்கிறவர்கள் அந்தப் பெட்டிக்கு 'மூச்சு' என்று பெயர் வைத்திருந்தார்கள். நடுவில் பூசணிக்காய் அளவில் ஓர் உருண்டைக் கருவி. அதன் வயிற்றில் பல்பு எரிய, ஊசித்துளைகள் வழியாக வெளிச்சம் போய் மேலே நட்சத்திரங்களாக ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் ஷூவை வெளியே கழற்றி வைத்துவிட்டு, தரையோடு இருக்கும் ஜிப் கதவு வழியாகத் தவழ்ந்து வந்து, மல்லாந்து படுப்பார்கள்.

அண்ணி அங்கே போனது பேசுவதற்காக அல்ல, தைப்பதற்காக. அவர் வீட்டிலேயே தையல் மெஷின் வைத்திருந்தார். கூடாரத்தின் முதலாளி, பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வேனில் சுற்றிக் காட்சி நடத்தி வந்தவர், ஒரு நாள் மூட்டையோடு வந்தார். "துணியில ஒரு ஓட்டை விழுந்தாலும் அது ஒரு பொய் நட்சத்திரம்மா. எல்லாத்தையும் அடைச்சுக் குடு" என்றார். ஓட்டை எங்கே இருக்கிறது என்று பார்க்க, ஊதிய கூடாரத்துக்குள் போய் ஜிப்பை மூட வேண்டும். அண்ணி வியர்த்து விறுவிறுத்து உள்ளே போனார். ஓட்டைகளைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார். பல மாதங்கள் காட்சி நடக்கும் இடங்களுக்கே இப்படிப் போக, வர, முதலாளியின் பேச்சு முழுவதும் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. அந்த வருடம் முதலாளிக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்தது. குரல் போய்விட்டது, அதற்குப் பிறகு அவருக்கு வந்ததெல்லாம் வெறும் காற்றுப் பேச்சு. அதே மாதத்தில் அண்ணனுக்கும் வேலை போயிருந்தது. "நீதான் பேசணும்" என்று முதலாளி கிசுகிசுத்தபோது அண்ணியால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

பேசிக்கொண்டே இருந்தால் இருட்டு தெரியாது என்பதை அவர் முதல் காட்சியிலேயே கண்டுகொண்டார். ஒரு தகவல் முடிகிற இடத்தில் பயம் எட்டிப் பார்க்கும். அதற்குள் அடுத்த தகவலை எடுத்து அதன் தலையில் போட வேண்டும். அதனால் முதலாளியின் பேச்சு போதவில்லை. நூலகத்தில் குழந்தைகள் பகுதியில் உட்கார்ந்து சேர்த்தார். சூரியன் நிலாவைவிட ஏறக்குறைய நானூறு மடங்கு பெரியது, ஆனால் ஏறக்குறைய நானூறு மடங்கு தள்ளியும் இருக்கிறது, அதனால்தான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவு. வெள்ளிக் கோளில் ஒரு நாள் என்பது அதன் ஒரு வருடத்தைவிட நீளம். சிவப்பு நட்சத்திரம் சூடு குறைந்தது, நீல நட்சத்திரம்தான் கொதிப்பது. ஒன்றை மட்டும் அவர் பிள்ளைகளிடம் சொல்லவே இல்லை. சூரிய வெளிச்சம் நம்மிடம் வந்து சேர எட்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் அதிகமாக ஆகிறது என்பதால், சூரியன் இந்த நொடி அணைந்துபோனால் அந்த எட்டு நிமிடமும் நமக்குத் தெரியாது. அதைப் படித்த அன்று அண்ணி சரியாகத் தூங்கவில்லையாம். "நடந்து முடிஞ்சிருக்கும், நாம பாட்டுக்கு வெங்காயம் நறுக்கிட்டிருப்போம்" என்றார் என்னிடம்.

முதலாளிக்கு ஒரு பெருமை உண்டு. மற்றவர்களின் காட்சியில் கரண்ட் போனால் நட்சத்திரமும் போகும். அவர் காட்சியில் போகாது. கருவியின் அடியில் ஒரு பேட்டரி வைத்திருந்தார். "என்ன ஆனாலும் என் நட்சத்திரம் அணையாது" என்று ஒவ்வொரு தலைமை ஆசிரியரிடமும் சொல்வார். மூச்சுக்குப் பேட்டரி கிடையாது. அதை யாரும் கேட்டதும் இல்லை. வானத்தைப் பற்றியே யோசிக்கிறவர்களுக்கு வரக்கூடிய தவறு அது.

இனி நான் எழுதுவது அண்ணி துண்டு துண்டாகச் சொன்னதும், முதலாளியின் வேன் டிரைவர் சொன்னதும். அவரை எல்லோரும் 'நத்தை அண்ணன்' என்பார்கள். வண்டியை அவ்வளவு நிதானமாக ஓட்டுவார்.

அன்று காட்சி ஒரு பழைய பள்ளிக்கூடத்தின் தரைத்தளக் கூடத்தில். மதிய வேளை. வந்தவர்கள் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள். வகுப்பாசிரியை வாசலில் நின்று ஷூக்களை வரிசையாக வைக்கச் சொல்லி ஒவ்வொருவராக உள்ளே அனுப்பினார். நத்தை அண்ணன் வழக்கம் போல மூச்சுப் பெட்டிக்கு அருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். ஜிப் மூடியது. அண்ணி மைக்கில் தொடங்கினார்.

"சூரியனுக்குள்ள எத்தனை பூமியக் கொட்டலாம் தெரியுமா? பதிமூணு லட்சம்!"

"எங்க வீட்டோட சேர்த்தா?" என்று இருட்டிலிருந்து ஒரு குரல்.

"உங்க வீடு, உங்க வீட்டு மொட்டைமாடித் தொட்டி, எல்லாம் சேர்த்துதான்."

பள்ளிப் பேருந்துக்கு வழி விட வேனை நகர்த்தச் சொல்லி யாரோ வந்து நத்தை அண்ணனை அழைத்துப் போனது உள்ளே தெரியவில்லை. அலுவலக அறையில் ஒருவர் தேநீருக்கு மின்சாரக் கெட்டிலைச் செருகியதும் தெரியவில்லை.

"இப்போ நாம நிலாவுல இறங்கிட்டோம்" என்று அண்ணி சொல்லிக்கொண்டிருந்தார். "இங்க காத்தே கிடையாது. அதனால பகல்லயும் வானம் கறுப்புதான். காலடி வெச்சா லட்சக்கணக்கான வருஷம் அப்படியே இருக்கும். கலைச்சு விடக் காத்து வேணுமே! பக்கத்துல நிக்கிறவங்க காதுல கத்தினாலும் கேக்காது."

"அப்போ எங்க டீச்சர அங்க அனுப்பலாம்!" என்றான் ஒருவன். கூடாரமே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்கியபோதுதான் அண்ணிக்கு உறைத்தது. சிரிப்புக்குப் பிறகு வர வேண்டிய சத்தம் வரவில்லை. மூச்சு நின்றிருந்தது.

நட்சத்திரங்கள் எரிந்துகொண்டுதான் இருந்தன. கெட்டில் இழுத்ததில் கூடத்துக்கே கரண்ட் போய், மைக் செத்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அண்ணி மேலே பார்த்தார். உச்சியில் துணி லேசாகக் குழிந்திருந்தது. "அண்ணே" என்று வெளியே கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு முறை, கொஞ்சம் சத்தமாக: "அண்ணே, மூச்சு!"

ஜிப்பைத் திறந்தால் இருக்கிற காற்றும் வேகமாக வெளியேறும், துணி சரசரவென்று இறங்கும். திறக்காவிட்டால் மெதுவாக இறங்கும், ஆனால் எல்லோரும் உள்ளே. இதை யோசிக்கிற நேரத்தில் தன் கால்கள் தனக்கு முன்னால் ஜிப் பக்கம் ஓடிவிட்டன என்றார் அண்ணி. ஓடியது பிள்ளைகளுக்காகவா, தனக்காகவா என்று அவருக்கே தெரியாது. ஜிப்பைப் பிடித்த கை அதைக் கடைசி வரை திறந்தது. வெளிச்சம் அடித்தது. ஒரே ஒரு தாவல், வெளியே போய்விடலாம்.

அவர் திரும்பி நின்றார்.

"எல்லாரும் எழுந்து முட்டி போடுங்க" என்றார். குரல் நடுங்கக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாராம். "நிலாவுல இருந்து திரும்பிப் போறோம். ராக்கெட் கதவு இங்க இருக்கு. முன்னாடி போறவங்க காலத் தொட்டுக்கிட்டே வாங்க. யாரும் ஓடக் கூடாது."

முதல் பத்துப் பேர் சமர்த்தாகத் தவழ்ந்து போனார்கள். அதற்குள் நட்சத்திரங்கள் இறங்கத் தொடங்கின. துணி கீழே வர வர, புள்ளிகள் ஒன்றோடொன்று நெருங்கி, பளபளப்பாகி, எட்டித் தொடும் உயரத்துக்கு வந்தன. பின்னால் இருந்த பிள்ளைகள் கைதட்டினார்கள். இதுதான் காட்சியிலேயே நல்ல கட்டம் என்று நினைத்துக்கொண்டார்கள். அண்ணி அடுத்தடுத்த பிள்ளையைக் கதவு வழியே தள்ளிவிட்டார்.

பிறகு அந்த வாசனை. இஸ்திரிப் பெட்டியை நைலான் துணியில் வைத்துவிட்டு மறந்தால் வருமே, அது. தையல்காரிக்கு அது தெரியாமல் இருக்குமா? தொங்கிய துணி கருவியின் தலையைத் தொட்டிருந்தது. உள்ளே பல்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்ட் போனாலும் அணையாத பல்பு.

அணைத்தால் உள்ளே முழு இருட்டு. அணைக்காவிட்டால் நெருப்பு.

அண்ணி கருவியை நோக்கித் தவழ்ந்தார். எதிரே வந்த பிள்ளைகள் அவருடைய கையையும் தலையையும் மிதித்துக்கொண்டு வெளிச்சத்தை நோக்கிப் போனார்கள். அடியில் கையை விட்டுப் பேட்டரியின் விசையைத் தட்டினார். முதலாளி ஒரு நாளும் அணையாது என்று சொன்ன அத்தனை நட்சத்திரமும் ஒரே நொடியில் போயின.

அப்போதுதான் பிள்ளைகள் அலறினார்கள். துணி எல்லோர் தலையிலும் இறங்கியது. "என் குரல் வர்ற பக்கம் வாங்க! இங்க! இங்க!" என்று கத்திக்கொண்டே அண்ணி பின்னோக்கித் தவழ்ந்து, கையில் அகப்பட்ட சட்டையையும் பின்னலையும் பிடித்து வெளியே தள்ளினார். அலறல் கேட்டு ஓடி வந்த வகுப்பாசிரியை வெளியிலிருந்து இழுத்தார். கடைசியாக அண்ணி வந்து விழுந்தபோது, கூடாரம் கூடத்தின் நடுவில் ஒரு கறுப்புக் குவியலாகப் படுத்துவிட்டது.

"எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார் அண்ணி, மூச்சு வாங்க.

"வந்தாச்சு, வந்தாச்சு. டேய், நில்லுங்கடா! ஒரு எடத்துல நில்லுங்க!" ஆசிரியை எண்ணினார். பிள்ளைகள் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் அங்குமிங்கும் ஓடினார்கள். மறுபடி எண்ணினார். இரண்டு முறையும் வேறு வேறு கணக்கு வந்தது.

பிள்ளைகள் ஓடுவார்கள், ஷூக்கள் ஓடாது. கூடாரக்காரர்களின் பழக்கம் தலையை எண்ணுவதல்ல. காட்சி முடிந்தால் வாசலில் ஷூ மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அண்ணி, "எல்லாரும் அவங்கவங்க ஷூவப் போடுங்க!" என்று கத்தினார். தள்ளுமுள்ளு. ஒருவன் ஒற்றை ஷூவோடு அழுதான், மற்றொன்று கிடைத்தது. வரிசை கரைந்தது.

ஒரு ஜோடி அப்படியே இருந்தது. சின்னது. வார் வைத்தது. காலுறைகள் மடித்து உள்ளே செருகியிருந்தன.

"யாரோடது இது?" என்றார் ஆசிரியை. ஒரு பையன், "டீச்சர், அது மூக்குக்கண்ணாடியோடது. அவ மட்டும்தான் சாக்ஸ மடிப்பா" என்றான்.

மூக்குக்கண்ணாடி என்று பிள்ளைகள் கூப்பிடும் அந்தச் சிறுமி அங்கே இல்லை. ஆசிரியை அவளைப் பெயர் சொல்லிக் கூவினார். அண்ணியும் கூவினார். துணிக் குவியலிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. உள்ளே இருக்கிற பிள்ளை ஏன் கத்தவில்லை? கத்த முடியாத நிலை என்றால்? சூரியன் அணைந்து எட்டு நிமிடம் வரை தெரியாது என்ற அந்தப் பாழாய்ப்போன தகவல் அப்போதுதான் நினைவுக்கு வந்ததாம். நடக்க வேண்டியது ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தால்?

"கத்திரிக்கோல் குடுங்க யாராவது!" ஆசிரியை ஓடிப்போய்க் கொண்டு வந்தார். பிள்ளைகள் காகிதம் வெட்டும் முனை மழுங்கிய கத்திரி. அந்தத் துணியில் அது வழுக்கிக்கொண்டு போனது.

"நான் போறேன் உள்ள" என்றார் ஆசிரியை.

"நீங்க நில்லுங்க டீச்சர். உள்ள சூடான மிஷின் கெடக்கு, எது எங்கன்னு எனக்குத்தான் தெரியும்."

சொல்லிவிட்டாரே தவிர, ஜிப்பின் வாயில் மண்டியிட்டதும் உடம்பு மறுத்துவிட்டது. கை ஊன்றுகிறது, தலை உள்ளே போக மாட்டேன் என்கிறது. உள்ளே போனால் திரும்ப வர முடியாது என்று நிச்சயமாகத் தெரிந்ததாம், நாளைக்குப் பொழுது விடியும் என்று தெரிவதைப் போல. கண்ணை மூடினார். மூடினால் இருட்டு தன்னுடைய இருட்டு, அது பரவாயில்லை என்று ஒரு சாக்கு. தலையை நுழைத்தார்.

துணி முதுகில் ஈரச் சாக்கு போலப் படுத்தது. மூச்சு விட்டால் அதே மூச்சு முகத்தில் திரும்பி வந்தது. இடமா வலமா தெரியவில்லை. அப்போது வெளியே ஆசிரியை, "அசையுது! துணி அசையுது!" என்று கத்தினார். "உங்களுக்கு இடது பக்கம்! இன்னும்! இன்னும் தள்ளி! ஒரு சின்ன மேடு ஏறி ஏறி இறங்குது!"

இடது பக்கம் போனார். முழங்கையில் கருவி சுட்டது. சுற்றிக்கொண்டு போனார். கை நீட்டிய இடத்தில் ஒரு குட்டிக் கை மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது. கப்பென்று பிடித்தார்.

"ஏன்டி கத்தல? ஏன் கத்தல நீ?"

இருட்டுக்குள் ஒரு சின்னக் குரல் கோபத்தோடு சொன்னது: "நிலாவுல கத்தினா கேக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க? அதான் கைய ஆட்டிட்டே இருக்கேன். எவ்ளோ நேரமா!"

அண்ணிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பினார். எங்கே திரும்புவது? ஜிப் எந்தப் பக்கம்? ஆசிரியையின் குரல் எல்லாப் பக்கமிருந்தும் வருவது போல இருந்தது. சிறுமி, "மூச்சு முட்டுது அக்கா" என்றாள். இவ்வளவுதான் என்று தோன்றியது. துணியைக் கையால் தள்ளினார், அது தள்ளிய இடத்திலிருந்து திரும்ப வந்து ஒட்டியது. மறுபடி தள்ளினார். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. மேடான ஒரு கோடு, சதுரமாகத் திரும்பும் கோடு.

போன மாதம் ஒரு பெஞ்சு ஆணி கிழித்த இடத்தில் அவரே வைத்த ஒட்டு.

நகத்தால் நூலைத் தேடினார். முடிச்சு கிடைத்தது. துணியை இழுத்து வாயில் வைத்து, மெஷினில் உட்கார்ந்து நூல் கடிப்பது போலக் கடித்தார். பல் வலித்தது. மீண்டும் கடித்தார். ஒரு தையல் விட்டது. விரலை நுழைத்து இரண்டு கையாலும் கிழித்தார். பகல் வெளிச்சம் ஒரு சதுரமாக உள்ளே விழுந்தது. முதலில் சிறுமியின் தலையை அதன் வழியே தள்ளினார்.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடியின் ஒரு கால் வளைந்திருந்தது, அவ்வளவுதான். ஆசிரியை அவளைத் தூக்கிக்கொண்டு அழுதார். அண்ணி கூடத்துக்கு வெளியே நடந்து போய், கூரை இல்லாத இடத்தில், வெயிலில் உட்கார்ந்தார். நத்தை அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடி வந்தார், தண்ணீர் கொடுத்தார், பாதி அண்ணியின் புடவையில் கொட்டியது.

செய்தி முதலாளிக்கு எப்படியோ போய்விட்டது. போனில் அந்தக் காற்றுக் குரல் கேட்டது. "துணி கிழிஞ்சிருச்சாமே?"

அண்ணி, "கிழிச்சேன்" என்றார்.

"ரெண்டாவது காட்சி..."

"இல்ல சார்."

"பசங்க எல்லாரும் வந்துட்டாங்கல்ல? ஒண்ணும் ஆகலல்ல?"

"பேட்டரிய மூச்சுக்கு மாத்துங்க."

"அந்தப் பேட்டரி மூச்ச இழுக்காதும்மா. ரொம்பப் பெருசு வேணும்."

"அப்போ பெருசு வாங்குங்க. ஒரு பக்கம் மட்டும் இருக்கிற கதவ நான் ரெண்டு பக்கம் வெக்கப் போறேன். வெளிச்சம் வரும், நட்சத்திரம் மங்கும், அதெல்லாம் சொல்லாதீங்க. வாங்கிட்டுக் கூப்பிடுங்க. அதுவரைக்கும் துணி எங்க வீட்டுல இருக்கும்."

கூடாரத்தை மடித்து வேனில் ஏற்றினார்கள். அண்ணி அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். நத்தை அண்ணன் பக்கவாட்டுக் கதவை இழுத்தார்.

"அண்ணே, சாத்தாதீங்க."

"ரோட்டுல போகணுமேம்மா."

"சாத்தாதீங்கண்ணே."

அவர் கதவைத் திறந்தபடியே நிறுத்தி, கயிற்றால் கட்டினார். வேன் ஊருக்குள் ஊர்ந்தது. ஸ்கூட்டரில் போனவர்கள் அருகே வந்து, "யோவ், கதவு தொறந்து கெடக்கு!" என்றார்கள். "தெரியும், போய்யா" என்றார். சிக்னலில் ஒரு போலீஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். முழங்கையில் கொப்புளத்தோடு ஒரு பெண், கறுப்புத் துணி மூட்டை மேல், கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, கதவு ரிப்பேரா?"

"இல்ல சார்," என்றார் அண்ணி. "காத்து வரட்டும்னு."